பார்வோ வந்து போன வீட்டில் அடுத்த பூனைக்குட்டி எப்போது?

பூனை வளர்க்கும் வீட்டில் ஒரு குட்டி திடீரென்று செத்துப்போனால், ஒரு வாரம் முடிவதற்குள் அடுத்த குட்டியைப் பற்றிய பேச்சு ஆரம்பித்துவிடும். பிள்ளைகள் சரியாகச் சாப்பிடுவதில்லை. கூட விளையாடிய பெரிய பூனை அறை அறையாகத் தேடிக் கத்துகிறது. அதற்குள் யாரோ ஒருவர், மெக்கானிக் கடைக்குப் பின்னால் நான்கு குட்டிகள் கிடக்கின்றன, ஒன்றையாவது எடுத்துக்கொள்ளுங்கள் என்று போட்டோ அனுப்பிவிடுவார். நம் ஊரில் பூனைக்குட்டிக்குப் பஞ்சமே இல்லை என்பதால், யோசிக்க நேரம் கிடைப்பதில்லை.

அந்த நேரத்தில் எல்லோரும் கேட்கும் கேள்வி, "குட்டி ஆரோக்கியமா இருக்கா?" என்பதுதான். நல்ல கேள்விதான், ஆனால் இரண்டாவதாகக் கேட்க வேண்டியது. முதலில் கேட்க வேண்டியது வீட்டைப் பற்றி: போன குட்டி எந்த வைரஸால் போனது, அந்த வைரஸ் இன்னும் வீட்டுக்குள் இருக்கிறதா? பூனைகளைத் தாக்கும் முக்கியமான வைரஸ்கள் நான்கைந்து உண்டு. அவற்றில் சில ஈரம் காய்வதற்குள் செத்துவிடும். ஒன்று மட்டும் தரையிலும் மெத்தையிலும் மிதியடியிலும் ஒரு வருடம் வரை உயிரோடு கிடக்கும். இந்த வித்தியாசம் தெரியாமல் எடுக்கும் முடிவு, புதுக் குட்டியின் உயிரோடு விளையாடுவதாகிவிடும்.

அந்த ஒன்று பார்வோ. மருத்துவர்கள் பேன்லூக்கோபீனியா என்றும், எஃப்.பி.வி. என்றும் எழுதுவார்கள். பூனை வளர்ப்பவர்கள் நாய்க்குச் சொல்வதுபோலவே 'பார்வோ' என்கிறார்கள். அப்படிச் சொல்வதில் தப்பில்லை. 1978 வாக்கில் உலகம் முழுக்க நாய்களிடம் திடீரென்று தோன்றிய பார்வோ வைரஸ், பூனையின் இந்த வைரஸோடு ஒரே வம்சத்தைச் சேர்ந்தது. அன்றைய முதல் வடிவம் பூனையைத் தொடவில்லை. அதற்குப் பின் உருமாறி வந்த வடிவங்கள் பூனைக்கும் தொற்றக்கூடியவை. அதனால் சமீபத்தில் உங்கள் வீட்டு நாய்க்குட்டி பார்வோவில் போயிருந்தாலும், பூனைக்குட்டி எடுப்பதைப் பற்றி இதே ஜாக்கிரதையோடு யோசிக்க வேண்டும்.

இந்த வைரஸுக்கு வேகமாகப் பிரிந்து பெருகும் செல்கள் வேண்டும். வளரும் குட்டியின் உடம்பில் அப்படிப்பட்டவை இரண்டு இடங்களில் மிகுதி: குடலின் உட்சுவரிலும் எலும்பு மஜ்ஜையிலும். குடல் சுவர் சிதைவதால் தண்ணீரும் உப்பும் உடம்பில் நிற்காமல் போகின்றன, குடலில் இருக்கும் பாக்டீரியா ரத்தத்துக்குள் இறங்குகிறது. அதை எதிர்க்க வேண்டிய வெள்ளையணுக்களை மஜ்ஜையால் உருவாக்க முடிவதில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் நடப்பதுதான் இந்த நோயின் கொடுமை. சிகிச்சை இல்லாவிட்டால் குட்டிகளில் பத்துக்கு ஒன்பது பிழைப்பதில்லை. டிரிப்ஸ் ஏற்றி, வாந்தியை நிறுத்தி, ஆன்டிபயாடிக் கொடுத்து, மருத்துவமனையில் வைத்துப் பார்த்தாலும் ஏறக்குறைய பாதிதான் தேறுகின்றன.

அறிகுறி தெரியும் விதத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் இதைத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். காலையில் ஓடியாடிய குட்டி மதியம் ஒரு மூலையில் போய் உட்காரும். பிறகு தண்ணீர்க் கிண்ணத்துக்கு நேர் மேலே தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, முதுகை வளைத்து உட்கார்ந்திருக்கும். தாகம் இருக்கும், ஆனால் குடிக்காது. மஞ்சள் நுரையாக வாந்தி எடுக்கும். கண்ணின் உள்மூலையிலிருந்து வெள்ளைச் சவ்வு பாதிக் கண்ணை மூடியிருக்கும். கழுத்துக்குப் பின்னால் தோலைத் தூக்கிவிட்டால் சட்டென்று கீழே இறங்காமல் மடிப்பாகவே நிற்கும். பேதி பிறகுதான் வரும், சில குட்டிகளுக்கு வருவதற்கு முன்பே எல்லாம் முடிந்துவிடும். இத்தனை வேகமாக நடப்பதால், "பக்கத்து வீட்டுக்காரங்க விஷம் வச்சுட்டாங்க" என்ற முடிவுக்குப் பல குடும்பங்கள் வந்துவிடுகின்றன. சண்டை, புகார், மனக்கசப்பு என்று அது ஒரு பக்கம் போகும். வீடு முழுக்க வைரஸ் பரவிக் கிடப்பது யாருக்கும் தெரியாது. அடுத்த குட்டியைக் கொண்டுவந்து அதே கூடையில் படுக்க வைப்பார்கள். அதுவும் போகும்.

ஆகவே, சாகும் நிலையில் இருக்கும் குட்டியாக இருந்தாலும் காரணத்தைத் தெரிந்துகொள்ளுங்கள் என்று வலியுறுத்திச் சொல்வேன். நாய்ப் பார்வோவுக்கு வைத்திருக்கும் அதே ரேப்பிட் கிட்டில் பூனையின் மலத்தையும் சோதிக்கலாம், சில நிமிடங்களில் முடிவு தெரிந்துவிடும். ரத்தத்தில் வெள்ளையணு எண்ணிக்கை அடிமட்டத்துக்குப் போயிருந்தால் மருத்துவருக்கு அதுவே பெரிய துப்பு. இந்தச் சோதனை செத்துக்கொண்டிருக்கும் குட்டிக்குப் பயன்படாமல் போகலாம். வீட்டில் மிச்சமிருக்கும் பூனைகளுக்கும், பிறகு வரப்போகிற குட்டிக்கும் அதைவிட முக்கியமான தகவல் வேறு இல்லை.

பார்வோ என்று உறுதியானால் அடுத்தது சுத்தம். நம் வீடுகளில் தவறு நடப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். குட்டி செத்த அன்றே வீட்டைப் பினாயில் போட்டுக் கழுவிவிடுவார்கள். வாசனை வந்துவிட்டால் சுத்தமாகிவிட்டது என்று மனசு நம்பிவிடும். பார்வோ வைரஸுக்கு வெளியே கொழுப்பு உறை கிடையாது. உறையுள்ள வைரஸ்களைச் சாகடிக்கும் சோப்பும் ஆல்கஹால் சானிடைசரும் இதை ஒன்றும் செய்வதில்லை. பினாயிலும் இதற்கு நம்பத்தக்க மருந்தல்ல. அதோடு, பினாயிலில் இருக்கும் ஃபீனால் வகை ரசாயனங்களைப் பூனையின் ஈரலால் உடைத்து வெளியேற்ற முடியாது. தரையில் நடந்து காலை நக்கும் பூனைக்கு அது நஞ்சு. டெட்டாலும் அதே ரகம்தான். பூனை இருக்கும் வீட்டில் இந்த இரண்டுக்குமே இடம் தரக்கூடாது என்பது என் உறுதியான கருத்து.

வேலை செய்வது பிளீச். கடையில் கிடைக்கும் சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசல் 5 சதவீதம் என்றால், ஒரு பங்குக்கு 32 பங்கு தண்ணீர். அதாவது ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஏறக்குறைய 30 மில்லி. கலந்த அன்றே பயன்படுத்திவிட வேண்டும், பழைய கரைசலில் வீரியம் இருக்காது. முதலில் சோப்புத் தண்ணீரில் அழுக்கையும் மலத்தையும் சுத்தமாகத் தேய்த்து எடுத்தாக வேண்டும், அழுக்கின் மேல் ஊற்றினால் பிளீச் அழுக்கோடேயே தீர்ந்துவிடும். அதன் பிறகு கரைசலை ஊற்றி, பத்து நிமிடம் தரை ஈரமாகவே இருக்கும்படி விட வேண்டும். ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். டாய்லெட் கழுவும் ஆசிடோடு எந்தக் காரணத்துக்காகவும் சேர்க்காதீர்கள், குளோரின் வாயு கிளம்பி மனிதருக்கே ஆபத்தாகும். கடைசியில் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவிக் காய விட வேண்டும்.

டைல்ஸும் மொசைக்கும் இதற்கு ஒத்துழைக்கும். மெத்தை, சோபா, கயிற்றுக் கட்டில், தென்னைநார் மிதியடி, சாக்கு, மண் தரை இவற்றில் பத்து நிமிடம் பிளீச் நிற்காது. குட்டி படுத்த கூடை, துணி, கீறுகட்டை, லிட்டர் டிரே, அதிலிருந்த மணல் எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிடுவதே நல்லது. மனசு கேட்காதுதான். "அது விளையாடின பந்துங்க, ஞாபகத்துக்கு இருக்கட்டும்" என்று சொல்பவர்கள் அதை ஒரு டப்பாவில் போட்டு இறுக்கி மூடி, பூனைக்கு எட்டாத இடத்தில் வைத்துக்கொள்ளட்டும். மொட்டைமாடி வெயிலில் காயப்போட்டால் போதும் என்று நினைக்க வேண்டாம். வெயில் உதவும், ஆனால் மடிப்புக்குள்ளும் தையலுக்குள்ளும் போவதில்லை.

இத்தனை செய்தாலும் ஒரு வீட்டை நூற்றுக்கு நூறு சுத்தமாகிவிட்டது என்று சொல்ல முடியாது. ஆகவே மிச்சமிருக்கும் வைரஸைத் தாங்கக்கூடிய பூனைதான் அந்த வீட்டுக்குள் வர வேண்டும். எந்தப் பூனை தாங்கும் என்பதற்குத் தடுப்பூசி வேலை செய்யும் விதம் தெரிந்திருக்க வேண்டும்.

பிறந்த முதல் நாளில் குடிக்கும் சீம்பால் வழியாகத் தாயின் எதிர்ப்பொருட்கள் குட்டிக்குள் போகின்றன. தாய் தடுப்பூசி போட்டதாகவோ நோயிலிருந்து மீண்டதாகவோ இருந்தால், குட்டிக்கு முதல் சில வாரங்கள் நல்ல பாதுகாப்பு. ஆனால் இந்த எதிர்ப்பொருட்கள், திருடன் யார் விருந்தாளி யார் என்று பார்க்காமல் எல்லோரையும் விரட்டும் காவலாளி போன்றவை. வைரஸை விரட்டுவதுபோலவே தடுப்பூசியில் இருக்கும் வலுவிழந்த வைரஸையும் விரட்டிவிடும். ஊசி போட்டிருப்போம், உடம்பில் அது பதிந்திருக்காது. வாரங்கள் போகப்போகத் தாய் தந்த பாதுகாப்பு குறைகிறது. நோயைத் தடுக்கப் போதாது, ஆனால் தடுப்பூசியைக் கெடுக்கப் போதும் என்ற ஒரு அளவுக்கு அது வந்து நிற்கும் நாட்கள் உண்டு. குட்டிக்கு அதுதான் மிகவும் ஆபத்தான காலம். ஒரு குட்டிக்கு எட்டாவது வாரத்தில் வரும், இன்னொன்றுக்குப் பன்னிரண்டாவது வாரத்தில் வரும், சிலவற்றுக்குப் பதினாறு வாரத்தையும் தாண்டும். ஒரே ஈற்றில் பிறந்தவற்றுக்குக்கூட ஒரே நாளில் வருவதில்லை.

உலகச் சிறுவிலங்கு மருத்துவர் கூட்டமைப்பான வாசாவாவின் வழிகாட்டுதல், 6 முதல் 8 வாரத்தில் ஆரம்பித்து 2 முதல் 4 வார இடைவெளியில் தொடர்ந்து போட்டு, 16 வாரம் ஆன பிறகு ஒரு ஊசி கட்டாயம் விழ வேண்டும் என்று சொல்வதற்கு இதுதான் காரணம். ஆறு மாத வயதில் இன்னொன்று, முன்பு போட்டதில் எதுவும் பதியாமல் போயிருந்தால் அதைச் சரிசெய்ய. நம் ஊரில் நடப்பது வேறு. எட்டாவது வாரத்தில் ஒரு ட்ரைகேட் (பார்வோ, ஹெர்பிஸ், கேலிசி மூன்றுக்கும் சேர்த்த ஊசி), பன்னிரண்டாவது வாரத்தில் இன்னொன்றும் ரேபிஸும். "ரெண்டு டோஸ் முடிஞ்சுது, இனி அடுத்த வருஷம்" என்று புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். பெரும்பாலான குட்டிகளுக்கு அது போதுமானதாகவும் இருந்துவிடுகிறது. வைரஸ் ஏற்கெனவே கிடக்கும் வீட்டுக்குப் போகிற குட்டிக்கு, 'பெரும்பாலும்' என்பதை நம்பி இருக்க முடியாது.

இதையெல்லாம் சேர்த்துப் பார்த்துத்தான் என் கருத்தைச் சொல்கிறேன். பார்வோ வந்து போன வீட்டுக்குள், 16 வார ஊசி போடாத குட்டியை ஒரு வருடத்துக்குக் கொண்டுவராதீர்கள். டைல்ஸ் தரை, நன்றாகப் பிளீச் போட்டாயிற்று, துணி மெத்தை எல்லாம் போய்விட்டன, வரும் குட்டியும் நான்கு மாதம் தாண்டி ஊசிகளை முடித்தது என்றால் அவ்வளவு காலம் காத்திருக்க வேண்டியதில்லை, உங்கள் மருத்துவரோடு பேசி முடிவு செய்யுங்கள். வீடு வெறிச்சோடி இருப்பதைத் தாங்க முடியவில்லை என்பவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது, அதைத்தான் நான் எல்லோருக்கும் முதலில் சொல்வேன்: குட்டி வேண்டாம், வளர்ந்த பூனையை எடுங்கள். தடுப்பூசிகளை ஒழுங்காக முடித்த ஒன்றரை வயதுப் பூனைக்கு உங்கள் வீட்டுத் தரை பெரிய ஆபத்தில்லை. தத்து கொடுக்கும் இடங்களில் எல்லோரும் குட்டியைத் தூக்கிக்கொண்டு போவதால், அந்த வயதுப் பூனைகள் மாதக்கணக்கில் காத்துக் கிடக்கின்றன.

தெருவில் கிடக்கும் குட்டியை மீட்பவர்கள் இதற்கு ஒரு மறுப்பு சொல்வார்கள். "தெருவுல விட்டா எப்படியும் சாகப் போகுது, வீட்டுக்குள்ள வந்தா ஒரு சான்ஸாவது இருக்கே?" மழை இரவில் கால்வாய் ஓரத்தில் கத்திக்கொண்டிருக்கும் குட்டியைப் பார்த்துவிட்டுச் சட்டம் பேச யாராலும் முடியாது, பேசவும் கூடாது. ஆனால் வைரஸ் கிடக்கும் வீட்டுக்குள் கொண்டுவருவது அதற்குக் கொடுக்கும் சான்ஸ் அல்ல. குட்டியைத் தூக்குங்கள், சூடாக்குங்கள், மருத்துவரிடம் காட்டுங்கள். தங்க வைப்பது மட்டும் வேறு வீட்டில் நடக்கட்டும். பூனையே இல்லாத நண்பர் வீடு, மாடியில் குடியிருப்பவரின் ஒரு அறை, அக்கா வீட்டுப் பால்கனி என்று ஏதாவது ஒன்று. சாப்பாட்டுச் செலவும் ஊசிச் செலவும் உங்களுடையது. இப்படி நான்கு மாதம் வரை வேறு வீட்டில் வளர்ந்து, ஊசிகளை முடித்துக்கொண்டு உங்கள் வீட்டுக்கு வரலாம். போகும்போது மட்டும் உங்கள் செருப்பையும் வீட்டில் உடுத்திய துணியையும் மாற்றிக்கொள்ளுங்கள். இந்த வைரஸ் செருப்படியில் நன்றாகப் பயணம் செய்யும். வாசலிலேயே செருப்பைக் கழற்றும் நம் பழக்கம் வீட்டுக்குள் வளரும் பூனைகளுக்குக் கிடைத்த பெரிய பாதுகாப்பு. செருப்பு ஸ்டாண்டிலேயே படுத்துத் தூங்கும் பூனைக்கு அது உதவாது.

இதுவரை சொன்னது வீட்டிலிருந்து குட்டிக்கு வரும் ஆபத்து. குட்டியிலிருந்து வீட்டுப் பூனைக்கு வருவதும் உண்டு, அதற்குக் கணக்கு வேறு.

வீட்டில் ஏற்கெனவே பூனை இருந்தால், அதன் தடுப்பூசி நிலவரம்தான் முதல் விஷயம். ஊசியே போடாத பூனையோடு, எங்கிருந்து வந்தது என்று தெரியாத குட்டியைச் சேர்க்கக் கூடாது. பெரிய பூனைக்கு முதலில் ஊசி போடுங்கள், இரண்டு வாரம் விடுங்கள், பிறகு குட்டியை வரவழையுங்கள். வீட்டுப் பூனை சினையாக இருந்தால் உயிருள்ள தடுப்பூசி போட முடியாது, அது வயிற்றில் இருக்கும் குட்டிகளின் மூளையைப் பாதிக்கும். அந்த வீட்டில் புதுக் குட்டியைப் பற்றிய பேச்சையே ஈனும் வரைக்கும், பிறந்தவை வளரும் வரைக்கும் தள்ளிப்போட வேண்டும்.

இடையில் ஒரு செய்தி. தலை நடுங்க, கால் அகட்டி ஆடி ஆடி நடக்கும் குட்டியைப் பார்த்திருப்பீர்கள். தாயின் வயிற்றில் இருக்கும்போதே பார்வோ தாக்கிச் சிறுமூளை முழுதாக வளராமல் பிறந்தவை அவற்றில் பல. நோய் முற்றிக்கொண்டே போகும் என்று பயந்து யாரும் எடுப்பதில்லை. அது முற்றுவதில்லை. மருத்துவர் பார்த்து அதுதான் என்று உறுதி செய்துவிட்டால், தாழ்வான டிரேயும் வழுக்காத விரிப்பும் உள்ள வீட்டில் மற்றப் பூனைகளைப்போல முழு ஆயுளும் வாழும்.

புதுக் குட்டியை 14 நாள் தனி அறையில் வைப்பது நல்ல விதி. பார்வோ உடம்புக்குள் நுழைந்து அறிகுறி காட்ட எடுக்கும் காலம் அதற்குள் அடங்கிவிடும். தனிக் கிண்ணம், தனி டிரே, தனித் துணி. காலையில் பெரிய பூனையின் வேலையை முடித்துவிட்டுக் கடைசியில் குட்டியிடம் போக வேண்டும், வெளியே வந்ததும் சோப்புப் போட்டுக் கையைத் தேய்த்துக் கழுவ வேண்டும். சோப்பு பார்வோவைக் கொல்லாவிட்டாலும் தேய்ப்பில் தண்ணீரோடு அடித்துக்கொண்டு போகும், சானிடைசர் அதைக்கூடச் செய்யாது. ஒற்றை அறையும் சமையலறையும் உள்ள வாடகை வீடு என்றால் இது நடக்காத காரியம் என்பது தெரியும். அப்படிப்பட்டவர்கள், இரண்டு வாரம் வேறொருவர் வீட்டில் வைத்திருந்து பார்த்த குட்டியாக எடுப்பது நல்லது. வெவ்வேறு இடங்களிலிருந்து இரண்டு குட்டிகளை ஒரே நாளில் கொண்டுவந்து ஒன்றாக விடுவதும் வேண்டாம்.

அந்த 14 நாளில் வெளியே தெரியாதவையும் இருக்கின்றன. ஃபெலைன் லுக்கேமியா அதில் முக்கியமானது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் வில்லியம் ஜாரெட், ஒரே வீட்டில் பல பூனைகளுக்கு நிணநீர்ப் புற்று வந்ததைக் கவனித்து 1964-ல் கண்டுபிடித்த வைரஸ் இது. எச்சில் வழியாகப் பரவும். ஒன்றையொன்று நக்குவது, ஒரே கிண்ணத்தில் சாப்பிடுவது, தாய்ப்பால், இதெல்லாம் பாசத்தின் வழிகள், அதுதான் கொடுமை. வயது ஏற ஏறப் பூனைக்கு இதை எதிர்க்கும் சக்தி கூடுகிறது, குட்டிகளுக்கு அது மிகக் குறைவு. சில பூனைகள் வைரஸை முழுக்கத் துரத்திவிடும், சில அடக்கி வைத்துக்கொள்ளும். அடக்க முடியாதவை பெரும்பாலும் சில ஆண்டுகளில் போய்விடுகின்றன. உங்கள் வீட்டுப் பூனைக்கு இது இருப்பது தெரிந்தால், அதோடு சேர்த்துக் குட்டி வளர்க்கக் கூடாது. இந்த விஷயத்தில் விட்டுக்கொடுக்க இடமில்லை. அந்தப் பூனை போன பிறகு காத்திருக்க வேண்டிய அவசியமும் அதிகம் இல்லை, வைரஸ் வெளியே காய்ந்தால் சீக்கிரம் செத்துவிடும். வீட்டை ஒரு முறை கழுவி, கிண்ணங்களை மாற்றினால் போதும். பார்வோவுக்கு நேர் எதிர்.

இதோடு சேர்த்தே பேசப்படுவது எஃப்.ஐ.வி. 'பூனை எயிட்ஸ்' என்று சொல்லிச் சொல்லியே இதற்குத் தேவைக்கு மேல் பயம் வந்துவிட்டது. 1986-ல் கலிஃபோர்னியாவின் பெட்டலூமாவில், ஒரு வீட்டுப் பூனைக் கூட்டத்தில் நீல்ஸ் பெடர்சனும் ஜேனட் யமமோட்டோவும் கண்டுபிடித்தார்கள். இது முக்கியமாக ஆழமான கடி வழியாகத்தான் பரவுகிறது, அதனால் தெருச் சண்டை போடும் கடுவன்களிடம் அதிகம். கருத்தடை செய்த, சண்டை போடாத பூனைகள் ஒரே வீட்டில் இருந்தால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் வாய்ப்பு மிகக் குறைவு. மனிதருக்கு இது வரவே வராது, ரேபிஸைத் தவிர இந்தக் கட்டுரையில் சொல்லும் மற்ற வைரஸ்களும் அப்படித்தான்.

இரண்டுக்கும் சேர்த்து ஒரே கிட் உண்டு. சில சொட்டு ரத்தம், பத்து நிமிடம். முடிவைப் படிப்பதில்தான் கவனம் வேண்டும். லுக்கேமியா சோதனை வைரஸின் புரதத்தையே தேடுகிறது, ஆகவே எந்த வயதிலும் செய்யலாம். ஆனால் நேற்றுத் தொற்றியது இன்று தெரியாது, 30 நாள் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். எஃப்.ஐ.வி. சோதனை தேடுவது எதிர்ப்பொருளை. தாயிடமிருந்து பாலில் வந்த எதிர்ப்பொருளையே அது காட்டிக்கொடுத்துவிடலாம். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டிக்கு 'பாசிட்டிவ்' என்று வந்ததும் கருணைக்கொலை வரைக்கும் பேச்சு போவதைக் கேட்டிருக்கிறேன். தயவுசெய்து ஆறு மாதம் ஆன பிறகு திரும்பச் சோதியுங்கள். அப்படிப்பட்ட குட்டிகளில் பல, உண்மையில் தொற்று இல்லாதவை.

கண்ணில் பீளை, மூக்கொழுகல், தும்மல் என்று வரும் ஹெர்பிஸ், கேலிசி வைரஸ்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தெருக்குட்டி என்றால் இவற்றில் ஏதோ ஒன்றைச் சந்தித்திருக்கும் என்றே வைத்துக்கொள்ளலாம். ஹெர்பிஸ் ஒருமுறை வந்தால் நரம்புக்குள் ஒளிந்து வாழ்நாள் முழுக்க இருக்கும். மன அழுத்தம் வரும்போது வெளியே வரும். புதுக் குட்டி வந்ததே பெரிய பூனைக்கு அழுத்தம்தான், வந்த வாரத்திலேயே அது தும்ம ஆரம்பித்தால் குட்டி கொண்டுவந்தது என்று முடிவு கட்டாதீர்கள், அதனுடையதாகவே இருக்கலாம். ஊசி போட்ட பூனைகளுக்கு இவை பெரும்பாலும் தொல்லையோடு போய்விடும். இவற்றுக்காகக் குட்டி வேண்டாம் என்று சொல்ல மாட்டேன்.

எஃப்.ஐ.பி. என்ற கொரோனா வகை நோய் வந்து பூனையை இழந்தவர்களின் பயம்தான் எனக்கு மிகவும் புரிகிறது, ஏனென்றால் சில வருடங்களுக்கு முன்புவரை அது வந்தால் போய்விட்டது என்றுதான் அர்த்தம். பூனைகளின் குடலில் சாதாரணமாக இருக்கும் ஒரு கொரோனா வைரஸ், ஏதோ ஒரு பூனையின் உடம்புக்குள் உருமாறி இந்த நோயைக் கொண்டுவருகிறது. பரவுவது அந்தச் சாதாரண வைரஸ், மலம் வழியாக. உருமாறிய நோய் பொதுவாகப் பூனைக்குப் பூனை தொற்றுவதில்லை. 2023-ல் சைப்ரஸ் தீவில் பரவியது இதற்கு விதிவிலக்கு. அங்கே நாய்க் கொரோனாவின் ஒரு பகுதி கலந்த புது வடிவம் பூனைகளிடம் நேரடியாகப் பரவியது, மனிதருக்காக வைத்திருந்த கோவிட் மாத்திரைகளைப் பூனைகளுக்குக் கொடுக்க அந்த நாட்டு அரசு அனுமதித்தது. 2019-ல் பெடர்சன் குழு 31 பூனைகளுக்கு ஜி.எஸ். 441524 என்ற மருந்தைக் கொடுத்து, அவற்றில் பெரும்பாலானவற்றைக் காப்பாற்றிய பிறகு நிலைமை முற்றிலும் மாறியிருக்கிறது. எஃப்.ஐ.பி.-யில் பூனையை இழந்த வீட்டில், காய்ந்த மலத்தில் அந்தக் கொரோனா ஏழு வாரம் வரை தாங்கும் என்பதால், இரண்டு மாதம் விட்டுக் குட்டி எடுக்கலாம். வீட்டில் வேறு பூனைகள் இருந்தால் அவற்றின் குடலில் அந்த வைரஸ் இருந்துகொண்டேதான் இருக்கும், அதற்காகக் காலமெல்லாம் காத்திருக்க முடியாது. டிரேக்களின் எண்ணிக்கையைக் கூட்டி, தினமும் இருமுறை சுத்தம் செய்து, கூட்டம் சேர்க்காமல் இருப்பதுதான் செய்யக்கூடியது.

முடிவெடுத்துவிட்டீர்கள், குட்டியைக் கொடுப்பவரோடு போனில் பேசப் போகிறீர்கள் என்றால், "ஆரோக்கியமா இருக்கா" என்று கேட்பதை விட்டுவிட்டு இவற்றைக் கேளுங்கள். கடந்த இரண்டு வாரத்தில் அந்த இடத்தில் வேறு குட்டி ஏதாவது செத்ததா? கூடப் பிறந்தவை எங்கே? தாய் இருக்கிறதா, அதற்கு ஊசி போட்டிருக்கிறதா? குட்டிக்கு வயது என்ன என்று சொல்வதை அப்படியே நம்பாதீர்கள், எல்லோரும் "ரெண்டு மாசம்" என்றுதான் சொல்வார்கள். நேரில் போனதும் வாயைத் திறந்து பாருங்கள். முன்பற்களும் கோரைப்பற்களும் மட்டும் முளைத்து, பின்னால் கடைவாயில் பல் இல்லை என்றால் அது ஒரு மாதக் குட்டிதான். கண்ணின் பிறவி நீலம் இன்னும் மாறவே இல்லை என்றாலும் இரண்டு மாதம் ஆகியிருக்காது. எட்டு வாரக் குட்டி ஏறக்குறைய 900 கிராம் இருக்க வேண்டும், சமையலறைத் தராசே போதும். வயது தெரிந்தால்தான் 16 வார ஊசி எந்தத் தேதியில் என்று கணக்குப் போட முடியும்.

"ஊசி போட்டாச்சுங்க" என்றால் தடுப்பூசிப் புத்தகத்தின் அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மருந்துக் குப்பியிலிருந்து உரித்து ஒட்டிய ஸ்டிக்கர் இருக்கும், அதில் மருந்தின் பெயரும் பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் இருக்கும், பக்கத்தில் மருத்துவரின் கையெழுத்தும் முத்திரையும் இருக்கும். ஸ்டிக்கர் இல்லாமல் பேனாவால் தேதி மட்டும் எழுதியிருந்தால், அல்லது ரேபிஸ் ஸ்டிக்கர் மட்டும் ஒட்டியிருந்தால், பார்வோவுக்கு ஊசி போடவில்லை என்று வைத்துக்கொண்டு உங்கள் மருத்துவரிடம் முதலிலிருந்து ஆரம்பிக்கச் சொல்லுங்கள். ஒரு டோஸ் கூடுதலாக விழுந்தால் குட்டிக்குக் கெடுதல் இல்லை.